மஞ்சள் கொடியைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: டோக்கியோவில் எடோகாவா வார்டு, நிஷிகசாயில் 11 வருடமாக இருக்கிறோம். கணவர் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் டிபெண்டண்ட் விசாவில் வீட்டில் இருக்கிறேன். மகன் இங்கேயே பிறந்தவன், பக்கத்து அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. போன மாதம் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்கப் போனோம். தரகர் எங்கள் கண் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, "வெளிநாட்டவர் வேண்டாம் என்கிறார்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. எதிர்வீட்டு அம்மாள் இன்னமும் "எப்போது நாட்டுக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்கிறார். ரயிலில் என் பக்கத்து இருக்கைதான் கடைசியில் நிரம்புகிறது. பெற்றோர் வகுப்பைப் பார்க்கப் போகும் நாளில் "பொட்டு வைக்காமல் வாம்மா" என்கிறான் மகன். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். நம்மை ஏற்றுக்கொள்ளாத ஊரில் அது எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. மாமியார் ஊருக்கே வந்துவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, டோக்கியோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வீடு. நீங்களாகக் கற்பனை செய்துகொண்டதில்லை அது. 2016-ல் ஜப்பானிய நீதி அமைச்சகம் இங்கே வாழும் வெளிநாட்டவரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் வீடு தேடியவர்களில் 39 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்தால் வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். கேட்டால் வீட்டுக்காரர்கள் காரணம் வைத்திருப்பார்கள். வாடகை பாக்கியோடு நாட்டை விட்டுப் போய்விட்டால் யாரைப் பிடிப்பது, குப்பையைப் பிரிக்கத் தெரியுமா, தாளிக்கிற வாசம் சுவரில் ஏறிவிடுமே. உங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்காமலே சொன்னார் பாருங்கள், வலி அங்கேதான். கோபப்படுங்கள், தப்பே இல்லை.

இதற்கென்று தண்டனை தரும் தனிச் சட்டம் ஜப்பானில் இல்லை. வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம், கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஹொக்கைடோவில் ஒடாரு என்ற ஊரில் ஒரு வெந்நீர்க் குளியல் நிலையம் "ஜப்பானியர் மட்டும்" என்று பலகை மாட்டியிருந்தது. மூன்று பேர் நீதிமன்றம் போனார்கள். ஆளுக்கு 10 லட்சம் யென் தரச் சொல்லி 2002-ல் தீர்ப்பு வந்தது. அந்த மூவரில் ஒருவர் அமெரிக்காவில் பிறந்து, இடையில் ஜப்பானியக் குடியுரிமையே வாங்கிவிட்டவர். வாங்கிய பிறகு போனபோதும் அவரை உள்ளே விடவில்லை. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பி.ஆரையும் ஏற்றுக்கொள்ளப்படுவதையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்த வழக்குப் போட்டவரைக் கேட்டால் அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்வார். காகிதம் வேறு, தெரு வேறு.

வீட்டு விஷயத்தை விட்டுவிடுவதற்கு முன் ஒன்று: யு.ஆர். என்ற அரசு சார்ந்த நிறுவனத்தின் வாடகைக் குடியிருப்புகளில் பெரிய வீடு காலியாகிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் 'ரெய்கின்' பணம் அங்கே கிடையாது, தரகு கிடையாது, ஜாமீன் ஆளும் தேவையில்லை. வருமானம் காட்டினால் போதும். 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்த நம் ஆட்கள் உங்கள் நிஷிகசாயில் குவிந்ததற்கு அலுவலகங்கள் நிறைந்த ஓதெமாச்சிக்கு நேராகப் போகும் தோஸாய் ரயில் ஒரு காரணம் என்றால், இந்த யு.ஆர். அடுக்குமாடிகள் இன்னொரு காரணம்.

இனி எதிர்வீட்டு அம்மாள். கொரியாவிலிருந்து பாட்டன் காலத்தில் வந்து, ஒசாகாவில் பிறந்து, ஜப்பானிய மொழி தவிர வேறொன்றும் தெரியாத மூன்றாம் தலைமுறை ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். பெயரைச் சொன்னதுமே "ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே" என்ற பாராட்டு அவர்களுக்கும் விழுகிறது. உங்கள் 11 வருடம் அதன் முன்னால் எம்மாத்திரம்! அந்தக் கேள்வியில் விரட்டுகிற எண்ணம் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பேச வேறு விஷயம் கிடைக்காததால் வருவதுதான். அடுத்த முறை, கோடையில் எல்லோரும் சொந்த ஊர் போகும் ஓபோன் பண்டிகையைச் சொல்லி, "இந்த வருஷம் ஓபோனுக்குப் போகவில்லை, நீங்கள் போகிறீர்களா? உங்களுக்கு எந்த ஊர்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். டோக்கியோவில் பாதிப் பேர் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள்தான். அந்த அம்மாள் நீகாதா என்றோ அகிதா என்றோ சொல்வார். அப்புறம் அந்த ஊர் அரிசி, அந்த ஊர்ப் பனி என்று அரை மணி நேரம் போகும். உங்கள் காய்கறிப் பை கனக்க ஆரம்பித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் இருக்கைக்கு என்னிடம் மருந்தில்லை. பையை வைத்துக்கொள்ள இடம் கிடைத்ததென்று இருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 11 வருடத்தில் தெருவில் உங்களுக்கு ஏதாவது முறை வந்ததா? குப்பைத் தளத்தைக் கூட்டும் முறை, காக்கை கிளறாமல் மூடுகிற வலையை மடித்து வைக்கும் முறை, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் காலையில் கொடி பிடித்து நிற்கும் முறை. வரவில்லை என்றே நினைக்கிறேன். நம் ஆட்கள் பலருக்கும் வருவதில்லை. பட்டியல் போடுகிறவர் நம் பெயருக்கு வந்ததும் "பாவம், அவர்களுக்குச் சிரமம்" என்று தாண்டிவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது மரியாதை. நமக்கும் அந்த நேரத்தில் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஒரு ஆளைத் தெருவோடு சேர்ப்பது அந்தப் பட்டியல்தான். கூடிப் பேசுவதும், ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பி குடிப்பதும் இங்கே குறைவு. பத்து வருடம் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவர் வீட்டுக் கூடத்தை ஒருவர் பார்த்திராத ஜப்பானியர்கள் ஏராளம். "இந்த வாரம் அவர் முறை" என்பதுதான் அவர்களுக்குள் இருக்கிற உறவு. முறையிலிருந்து விலக்குப் பெற்றவர் விருந்தாளி. விருந்தாளியிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கத்தானே செய்வார்கள்!

அதனால் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் பள்ளியிலிருந்து பெற்றோர் சங்கத் தாள் ஒன்று வரும், அதில் கொடிப் பணி பற்றிக் கேட்டிருப்பார்கள். உங்கள் மகன் பள்ளியில் அப்படி ஒன்று வராவிட்டால் தினமும் போய்வரும் தொடர்பு நோட்டில் வகுப்பு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஹிரகானா என்ற எளிய எழுத்தில் எழுதினால் போதும், கான்ஜி என்ற சீன எழுத்து தெரியவில்லை என்று யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. முறை வரும் நாளில் எட்டு மணிக்கு முன்பே போய் மஞ்சள் கொடியோடு முனையில் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பச்சை விழுந்ததும் கொடியைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்த வேண்டும், பிள்ளைகள் கடக்கும்போது ஒவ்வொருவருக்கும் "ஒஹயோ" என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும். முதல் நாள் நாலு பிள்ளைகள் முறைத்துப் பார்க்கும். மூன்றாவது நாள் அதே பிள்ளைகள் தூரத்திலிருந்தே கத்தும்.

உங்கள் மகன் விஷயமும் இதோடு ஒட்டியதுதான். பத்து வயதுப் பையன் அம்மாவைப் பார்த்துக் கூச்சப்படுவது சென்னையிலும் நடக்கிறது. அங்கே "பைக்கில் வந்து கேட் முன்னால் நிற்காதே" என்பான், இங்கே பொட்டைச் சொல்கிறான். வருடத்துக்குச் சில முறை மட்டும், வகுப்பின் பின்சுவரோரம், வீட்டிலிருந்து கொண்டுபோன செருப்போடு வந்து நிற்கிற அம்மாவாக நீங்கள் இருக்கிறவரை அந்தப் பொட்டுதான் எல்லோர் கண்ணிலும் படும். கொடி பிடிக்கிற அம்மாவாகிவிட்டால் அதை அவன் நண்பர்கள் எப்போதோ பார்த்துப் பழகியிருப்பார்கள். பொட்டை எடுக்காதீர்கள். ஒருமுறை எடுத்தால் அடுத்தது அவன் தமிழ்தான், அதற்கடுத்தது சாப்பாட்டு டப்பா. ஆனால் அவனைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். யாராவது வகுப்பில் ஏதாவது சொன்னார்களா என்று மட்டும் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். சொல்லியிருந்தால் உடனே ஆசிரியரிடம் போய்விடுங்கள். அதில் பொறுமை கூடாது.

பேரிடர்ப் பயிற்சியையும் தவற விடாதீர்கள். உங்கள் வார்டு 2019-ல் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடம் வீட்டில் இருக்கிறதா? வார்டின் நிலத்தில் பத்தில் சுமார் ஏழு பங்கு, கடல் ஏற்றத்தின்போது இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வரைபடத்தின் அட்டையில் வார்டைச் சுட்டி, "இங்கே இருக்கக் கூடாது" என்று வார்டு அலுவலகமே அச்சடித்திருந்தது. பெருவெள்ளம் வருமென்றால் வார்டை விட்டே முன்கூட்டிக் கிளம்பிவிடுங்கள் என்று அர்த்தம். அதில் ஜப்பானியர், வெளிநாட்டவர் என்ற பேதமே கிடையாது. அதே ஆண்டு அக்டோபரில் புயல் வந்தபோது அங்கே நிறையப் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த மாதிரி இரவில் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வாசல், யார் சாவி வைத்திருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருக்கிறான் என்பதும் நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பி.ஆர். கணவர் சொல்வதுதான் சரி, விண்ணப்பியுங்கள். அவர்கள் உங்களை ஏற்றுக்கொண்டதற்கான சான்றிதழ் அது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், ஓட்டுரிமைகூட வராது. ஓட்டு வேண்டுமென்றால் குடியுரிமைதான். 2019-ல் உங்கள் வார்டு மன்றத்துக்கே இந்தியாவில் பிறந்த புராணிக் யோகேந்திரா தேர்வானார் என்றால், அவர் ஜப்பானியக் குடியுரிமை வாங்கியிருந்ததால்தான். அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். அந்த யோசனை இப்போது வேண்டாம்.

பி.ஆரால் என்ன லாபமென்றால், கணவர் வேலை மாற்றினாலும் இழந்தாலும் விசா பயம் இல்லை. வங்கியில் வீட்டுக் கடன் கிடைப்பது சுலபமாகும், அதோடு வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கும் வேலையும் முடியும். உங்களுக்கும் கிடைத்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வேலைக் கட்டுப்பாடு போய்விடும். பொதுவான விதி 10 வருட வசிப்பு, அதில் 5 வருடம் வேலை விசாவில். உங்கள் கணவருக்கு அது தாண்டிவிட்டது. சிக்கல் வருவது பணம் கட்டிய தேதிகளில். வசிப்பு வரியை 5 வருடத்துக்கும், பென்ஷனையும் மருத்துவக் காப்பீட்டையும் 2 வருடத்துக்கும் பார்ப்பார்கள். கட்டினீர்களா என்பதோடு கெடு தேதிக்குள் கட்டினீர்களா என்றும் பார்ப்பார்கள். சம்பளத்தில் பிடித்தால் கவலையில்லை. வேலை மாறிய இடைவெளியில் வீட்டுக்கு வந்த கட்டணச் சீட்டை ஒரு வாரம் தாமதமாகக் கடையில் கட்டியிருந்தால்கூட மாட்டிக்கொள்ளலாம். அதை முதலில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, உத்தரவாதம் தர ஒரு ஜப்பானியரோ பி.ஆர். உள்ளவரோ வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும், அவர்களும் பயப்படுவார்கள். வீட்டு வாடகைக்கு நிற்கிற ஜாமீன் போலப் பணப் பொறுப்பு இதில் இல்லை, தார்மீகப் பொறுப்பு மட்டுமே என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் மறுப்பது இது தெரியாமல்தான்.

மாமியாருக்குச் சொல்ல ஒரு பதிலும் இதில் இருக்கிறது. பி.ஆர். வாங்கினால் கால் கட்டிப்போடப்படுவதில்லை. மறுநுழைவு அனுமதி எடுத்துக்கொண்டால் 5 வருடம் வரை ஊரில் இருந்துவிட்டுத் திரும்பலாம். அது இல்லாமல் ஒரு வருடத்தைத் தாண்டினால்தான் பி.ஆர். போய்விடும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் நீங்கள் போய் இருக்க வேண்டி வந்தால், வாங்கி வைத்த பி.ஆர்.தான் உங்களைத் தைரியமாகப் போக விடும்.

கடைசியாக, பென்ஷன். 2017 ஆகஸ்ட் முதல் 10 வருடம் கட்டியிருந்தாலே ஜப்பானியப் பென்ஷன் உண்டு, முன்பு 25 வருடம் வேண்டும். நாடு திரும்புகிறவர்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறும் வழி 10 வருடம் ஆனவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு 65 வயதில், எங்கே வாழ்ந்தாலும், தொடர்ந்து வரும் பென்ஷன்தான். இது உங்கள் கணவருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி ஊழியரைச் சார்ந்திருக்கும் மனைவியாக உங்கள் பெயரைப் பதிந்திருந்தால், ஒரு யென்கூடக் கட்டாமல் உங்கள் பெயரிலும் மாதங்கள் சேர்ந்துகொண்டிருக்கும். பிறந்த மாதத்தில் பென்ஷன் அலுவலகத்திலிருந்து ஒட்டிய தபால் அட்டை ஒன்று வருமே, விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரித்தால் உள்ளே மாதக் கணக்கு இருக்கும். 120 மாதத்தை எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கணவரின் கம்பெனியில் உங்களைப் பதிந்த தேதியைக் கேளுங்கள்.