கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் எங்களுக்கு யார் சொல்லுவார்கள்?

சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி தமிழ்நாட்டுக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றித்தான். இந்த முறை நாலை எடுத்துக்கொண்டேன்.

சேர், அங்கே வெடித்தால் நாங்கள் எங்கே ஓடுவது? (குருநகர்)

ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெரிய உலைகளுக்கு சர்வதேச அணுசக்தி முகவரகம் சொல்லும் கணக்கில், ஆட்களை அவசரமாக வெளியேற்றத் திட்டம் போடுவது 15 முதல் 30 கிலோமீட்டர் வரைதான். 300 கிலோமீட்டர் வரை கவனிக்க வேண்டியது சாப்பாடு, பால், குடிதண்ணீர். அந்தக் கடைசி வட்டத்தின் ஓரத்தில் இருக்கிறோம். அதனால் உடுப்புப் பையைக் கட்டி வைப்பதை விட்டுவிட்டு, வீட்டில் ஆடு நின்றால் அதை யோசியுங்கள். உலை வெடித்தால் வெளிவரும் கதிர்வீச்சுப் பொருளான அயடீன்-131 மழையோடு பூவரசங்குழையில் இறங்கும், அதை ஆடு தின்னும், ஓரிரு நாளில் பாலில் வந்துவிடும், அந்தப் பால் பிள்ளைக்குப் போகும். சோவியத் நாட்டின் செர்னோபில் உலை விபத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் கூடியதற்குப் பெரிய காரணமே பால்தான். அந்த அயடீனின் அரை ஆயுள் 8 நாள், அதாவது 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், குழை வெட்டாமல் கொட்டிலுக்குள் கட்டி, முதலே எடுத்து வைத்த வைக்கோலைப் போட்டுச் சில கிழமை சமாளித்தால் பெரும்பகுதி ஆபத்துப் போய்விடும். மூடி வைத்த கிணறு உடனே பழுதாகாது. மழைநீர்த் தொட்டியைத்தான் தொடக்கூடாது, தீவுப்பக்கத்து ஆட்கள் இதைக் கவனிக்கவேணும். முற்றத்துக் கீரையும் அப்படித்தான்.

இந்தியா எங்களுக்கு உண்மையில் அறிவிக்குமா? (வல்வெட்டித்துறை)

அறிவிக்கவேண்டிய கடமை இருக்கிறது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தது, மொஸ்கோ வாய் திறக்கவில்லை. 28ஆம் திகதி காலை, 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் சப்பாத்து கதிர்வீச்சுக் கருவியைக் கத்த வைத்தது. முதலில் தங்கள் உலைதான் கசிகிறதென்று பயந்துபோய்த் தேடியிருக்கிறார்கள், பாவம். அன்றிரவுதான் சோவியத் அரசு ஒத்துக்கொண்டது. அந்த வெட்கத்தில், அதே ஆண்டு செப்டெம்பரில் இரண்டு உடன்படிக்கைகள் வந்தன: ஒன்று விபத்தை உடனே அறிவிப்பது, மற்றது உதவி செய்வது. இந்தியா, இலங்கை இரண்டும் உறுப்பினர்கள். தகவல் வியன்னாவிலுள்ள முகவரகத்தின் அவசரகால நிலையம் ஊடாகவும் வரலாம், நேரடியாகவும் வரலாம். ஆனால் அறிவிக்காத நாட்டுக்கு அந்த உடன்படிக்கையில் தண்டனை ஒன்றும் இல்லை, என் கண்ணுக்கு அதுதான் பெரிய ஓட்டை. அதனால்தான் எங்கள் கரையில் எங்கள் சொந்த அளவுகருவிகள் இரவுபகல் ஓடவேணும் என்று வாய் வலிக்கச் சொல்கிறேன்.

காற்றையும் கணக்குப் பாருங்கள். சோளகம் அங்கிருந்து ஏறக்குறைய எங்கள் பக்கமாகத்தான் வீசும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் அங்கே கசிந்தது 10 மணித்தியாலத்தில் வந்துவிடும். வாடையில் அது எதிர்ப்பக்கம் போகும், ஆனால் அப்போது வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது, அதுவும் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

அணு விபத்துக்கு நாடுகள் ஒத்திகை பார்க்கிறதாமே, அதெல்லாம் படம் காட்டுவதுதானே? (சாவகச்சேரி)

முழுக்க அப்படியில்லை, தம்பி. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பயிற்சி நடக்கும். 2025 ஜூனில் ருமேனியாவின் செர்னவோடா உலையில் விபத்து என்று வைத்துக்கொண்டு 36 மணித்தியாலம் செய்தார்கள். ஒரு நாடு ‘பால் குடிக்கலாம்’ என்றும் பக்கத்து நாடு ‘குடிக்காதே’ என்றும் சொன்னால் சனம் இரண்டையும் நம்பாது. அந்தக் குழப்பம் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இது. எங்களுக்கு நடுவில் பாக்குநீரிணை மட்டும்தான், இரண்டு கரையிலும் ஒரே மொழிச் செய்தி ஓடும். சென்னைத் தொலைக்காட்சி ஒன்று சொல்ல, கொழும்பு வேறொன்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அயடீன் குளிசை வாங்கி வைக்கட்டுமா? (கோப்பாய்)

வேண்டாம் அக்கா. அது தைரொயிட்டை மட்டும், அதுவும் கதிர்வீச்சு அயடீனிலிருந்து மட்டும் காக்கும். சீசியம் என்ற மற்றக் கதிர்வீச்சுப் பொருளுக்கு ஒன்றும் செய்யாது. கதிர்வீச்சு வருவதற்குச் சற்று முன்போ வந்த சில மணித்தியாலத்துக்குள்ளோ போட்டால்தான் பலன், அதையும் சுகாதாரப் பகுதி சொன்ன பிறகுதான் போடவேணும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா உலை விபத்து நேரம் சீனாவில் சனம் அயடீன் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கியது, ஒரு குளிசையின் அளவு அயடீன் உடம்புக்குள் போக அந்த உப்பைக் கிலோக்கணக்கில் தின்னவேணும். புண்ணுக்குப் பூசும் அயடீனைக் குடிக்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, தயவுசெய்து வேண்டாம்.