புள்ளி வெச்சா கோவமாம்மா?

ரங்கூன்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு 15 வயசு, கால் பண்ணா எடுக்க மாட்டேங்குறா, ரெண்டு நிமிஷம் கழிச்சு "என்னம்மா"ன்னு மெசேஜ் மட்டும் வருது, "சாப்பிட வா"ன்னு கடைசியில புள்ளி வெச்சு அனுப்புனா "ஏன் கோவம்"னு திருப்பி கேக்குறா, போனை வாங்கி வெச்சிடலாமான்னு.

வேணாங்கக்கா. அவ நக்கல் பண்ணல, நெஜமாவே கேக்குறா. மெசேஜ்ல குரலும் இல்ல மூஞ்சியும் இல்ல, அதனால இந்தப் பசங்க புள்ளியிலயும் எமோஜியிலயும்தான் தொனியைப் படிக்கிறாங்க. 2015ல அமெரிக்கால பிங்காம்டன் பல்கலைக்கழகத்துல காலேஜ் பசங்களுக்கு ஒரே பதிலை புள்ளி வெச்சும் வெக்காமயும் காட்டுனாங்க, புள்ளி வெச்சது மனசார சொன்ன மாதிரி இல்லன்னு பசங்க சொன்னாங்க, அதையே கையால எழுதின சீட்டுல காட்டினப்போ அப்படி ஒரு வித்தியாசமும் வரல.

கால் எடுக்காததுக்கு வேற காரணம் இருக்கலாம். என்கிட்ட வந்த ஒரு பையன், கூட பர்மாக்கார பிரெண்ட்ஸ் இருக்கும்போது அம்மா கூப்பிட்டா "ஹொக்கே, ஹொக்கே"ன்னு பர்மா பாஷையிலயே ஆமாம் போட்டு வெச்சிடுவான், தமிழையே மறந்துட்டான்னு அம்மாவுக்கு ஒரே அழுகை. ஆனா ராத்திரி பாட்டிக்கு தமிழ்ல ரெண்டு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுவான் (பாட்டி அதை நாலு தடவை கேப்பாங்களாம், அது தனிக் கதை). கூச்சம்தான், வேற ஒண்ணுமில்ல. அவசரம்னா மட்டும் கால், மத்ததுக்கு மெசேஜ்னு அவகிட்டயே பேசி வெச்சுக்கோங்க.

அப்புறம் கரண்டு போனா பதறுறான்னு எழுதியிருக்கீங்க. ஸ்னாப்சாட்ல ஸ்ட்ரீக்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள்ள மாத்தி மாத்தி படம் அனுப்பணும், ஒரு நாள் விட்டாலும் அந்த எண்ணிக்கை போயிடும். அதுல இருக்காளான்னு கேளுங்க, அப்படி இருந்தா நீங்க போனைப் பிடுங்குறது அவளுக்கு பிரெண்டோட சண்டை போட்ட மாதிரி ஆயிடும்.

எனக்கு கவலை விபிஎன்லதான், முடக்கின சைட்டையும் சுத்து வழியில திறந்து விடுற ஆப் அது. 2021 பிப்ரவரியில பர்மா ராணுவம் ஃபேஸ்புக்கை முடக்கினதுல இருந்து அது வீட்டுக்கு வீடு வந்துடுச்சு, 2024 மே கடைசியில அதையும் முடக்க ஆரம்பிச்சாங்க, ஒண்ணு வேலை செய்யலன்னா பசங்க கைக்குக் கிடைச்ச இன்னொரு இலவச ஆப்பை போடுறாங்க. நீங்க எந்தெந்த சைட்டுக்குப் போறீங்கன்னு அந்த ஆப்காரனுக்குத் தெரியும், அவன் யாருன்னு நமக்குத் தெரியாது. என்னென்ன போட்டிருக்கான்னு அவ கூட உக்காந்து பாருங்க, திட்டாம. உங்க போன்லயும் அதையேதான் அவ போட்டுக் குடுத்திருப்பா, ரெண்டையும் சேர்த்தே பாத்துடுங்க.