தவக்காலத்தில் மாட்சியின் நற்செய்தி ஏன்?

கேள்வி: உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தவக்காலம் இயேசுவின் பாடுகளை, அதாவது துன்பங்களை, தியானிக்கும் காலமாயிருக்க, அதன் இரண்டாம் ஞாயிறு திருப்பலியில் இயேசு மலைமேல் ஒளிமயமாய் உருமாறிய நற்செய்தியை வாசிப்பது ஏன்?

பதில்: பாடுபடுகிறவர் யாரென்று அறிந்து தியானிப்பதற்காகவே. அங்கே மாட்சியோடு தோன்றிய பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர்களான மோசேயும் எலியாவும் அவரோடு பேசியது, எருசலேமில் நிகழவிருந்த அவருடைய இறப்பைப் பற்றித்தான் என்கிறார் லூக்கா (9:31). மலைமேல் தூக்கக் கலக்கத்தில் இருந்த பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய அதே மூன்று சீடரைத்தான், தாம் கைதான இரவில் மன்றாடிய கெத்சமனித் தோட்டத்துக்கும் அவர் தம்முடன் அழைத்துச் சென்றார். பாவம், அங்கும் அவர்கள் உறங்கிவிட்டார்கள். ‘என் அன்பார்ந்த மைந்தர்’ என்று மலைமேல் தந்தையாகிய கடவுள் அறிவித்தவரே அங்கே முகங்குப்புற விழுந்து மன்றாடுகிறார் என்பதை உணரும்போதுதான், சிலுவையில் தொங்குபவர் தோற்றுப்போன நல்ல மனிதர் அல்லர், மனமுவந்து தம்மையே கையளித்த ஆண்டவர் என்பது விளங்கும். மத்தேயு 17, 26 ஆகிய இரு அதிகாரங்களையும் ஒரே அமர்வில், நிதானமாக வாசித்துப் பாருங்கள்.