தொட்டியிலுள்ள செங்காந்தள் காய்ந்துவிட்டது. இப்போது தொட்டி மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். செங்காந்தள் பல்லாண்டுத் தாவரமாதலால், கொடி மடிந்தபின் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. தொட்டி மாற்ற ஏற்ற காலமும் அதுவே. கலப்பை போல் கவைத்த கிழங்கின் முனையில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது என்பதால், கிளறித் தோண்டாமல் தொட்டியையே கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்த்து எடுங்கள். கிழங்கில் கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால், கையுறை அணிவதும் குழந்தைகளை விலக்கி வைப்பதும் கட்டாயம். செம்மண்ணுடன் மணலும் மட்கிய தொழுவுரமும் கலந்து, 2 அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்கைவசமாக வையுங்கள். முளை வரும்வரை நீர் மிகக் குறைவாகவே போதும், தேங்கினால் அழுகிவிடும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறும் கொடி இது. அதற்கான மெல்லிய குச்சியை நடும்போதே ஊன்றுங்கள், பின்னர் ஊன்றினால் கிழங்கைக் குத்திவிடக்கூடும்.