பெற்றோல் விலைக்கு யாரைக் கேட்பது?

அன்புள்ள அக்கா,

கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓட்டுகிறேன். பெற்றோலுக்கு விலைச் சூத்திரம் வேண்டும் என்று நீங்கள் எழுதியதை மகள் போனில் வாசித்துக் காட்டினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. விலை ஏறினால் ஒருவர் உலகச் சந்தை என்கிறார், இன்னொருவர் போன ஆட்சி என்கிறார், மற்றவர் ஐ.எம்.எப். என்கிறார். ஒருவரும் "நான்தான் பொறுப்பு" என்று சொல்வதில்லை. வரியை எடுத்துவிட்டால் விலை தானாக இறங்கிவிடும் என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மகஜர் கொடுக்கப் போகிறோம். அதில் என்ன எழுதலாம்? நீங்கள் சூத்திரத்தின் பக்கமா, எங்கள் பக்கமா?

கொட்டாஞ்சேனை வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் பக்கம்தான். பம்பு விலையை எந்தக் கணக்கில் போடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற முறைதான் சூத்திரம். அது வேண்டும் என்று நான் எழுதியதும் அதனால்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சொந்தக் காரில் வேலைக்குப் போகிறவருக்குப் பெற்றோல் ஒரு செலவு. உங்களுக்கு அது தொழிலுக்குப் போடுகிற முதல். காலையில் ஆயிரம் ரூபாவுக்கு அடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வருகிறீர்கள். அந்த ஆயிரத்தை முதலில் எடுத்தால்தான் அதற்குப் பிறகு வருவது வீட்டுக்கு. மாதக் கடைசி இரவு விலையை ஏற்றினால், விடிந்ததும் அதே ஆயிரத்துக்கு பம்பில் லீற்றர் குறைந்துவிடும். புறக்கோட்டைக்குப் போக ஏறுகிற அம்மா நேற்றுக் கொடுத்த காசைத்தான் இன்றும் நீட்டுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் அதே கணக்குத்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற ஒரு சண்டையை அரசாங்கம் உங்கள் ஓட்டோவுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் கோபம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஆனால் அந்தக் கோபத்தை எந்த நாளில் காட்டுவது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். விலை ஏறிய பிறகு அமைச்சரைத் திட்டுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. விலை இறங்கிக் கிடந்த காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த நாட்டில் பெரிய பிழைகள் எல்லாம் அந்தக் காலங்களில்தான் நடந்தன.

2020 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் இருந்தது. ஏப்ரலில் மசகு எண்ணெய் பீப்பாய் 20 டொலருக்கும் கீழே விழுந்தது. இங்கே 92 ஒக்டேன் பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. விலையைக் குறைக்காமல் மிச்சம் பிடிக்கும் காசை ஒரு நிலைப்படுத்தல் நிதியத்தில் போடுவோம், பின்னால் விலை ஏறும்போது அதைக்கொண்டு மக்களைக் காப்போம் என்றார்கள். யோசனை நல்லதுதான், நானும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். ஆனால் 2021 இல் விலை ஏறத் தொடங்கியபோது அந்த நிதியம் யாரையும் காக்க வரவில்லை. ஜூன் மாதம் பெற்றோல் ஒரே இரவில் 20 ரூபா ஏறி 157 ஆனது.

அப்புறம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளுங்கட்சியின் பொதுச் செயலாளரே எழும்பி, எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில பதவி விலக வேண்டும் என்றார். தான் தனியாக எடுத்த முடிவில்லை, ஜனாதிபதிக்கும் தெரிந்துதான் நடந்தது என்று அமைச்சர் பதில் சொன்னார். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. ஆதரவாக 61 வாக்கு, எதிராக 152. பிரேரணை தோற்றது, அமைச்சர் இருந்தார், விலையும் இருந்தது. அந்த நிதியத்துக் காசு எங்கே என்ற கேள்வி அந்தச் சண்டையின் நடுவில் வந்திருக்க வேண்டும். யார் விலக வேண்டும் என்பதிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். 2021 டிசம்பர் கடைசியில் பெற்றோல் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470. இந்த ஆறு மாதத்தில் உக்ரைன் போரால் மசகு எண்ணெய் 75 டொலர் அளவிலிருந்து 120 டொலர் அளவுக்குப் போனது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்றால் இங்கே பெற்றோல் 280 ரூபாவைச் சுற்றி நின்றிருக்க வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது? ரூபாவிலிருந்து. 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்த டொலர், மார்ச்சில் கையை விட்டதும் இரண்டு மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. இது கரட்டுக் கணக்குத்தான், வரியும் நட்டமும் சேர்ந்தால் கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் போர் எவ்வளவு, எங்கள் ஆட்சியாளர்கள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இது போதும். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியபோது கைதட்டியவர்கள் நிறையப் பேர். திறைசேரி வறண்டுபோனதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதமே நாங்கள் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். விலை இன்னும் பெரிதாக ஏறவில்லை என்று சும்மா இருந்துவிட்டோம்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பு வரைக்கும் அந்த ஜூனில் கியூ வந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டோக்களைக் கையால் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுபோனார்கள். எஞ்சினைப் போட்டால் இருக்கிற கொஞ்சமும் எரிந்துவிடும். இராணுவத்தினர் வந்து டோக்கன் கொடுத்தார்கள். ஒருவர் பின் சீற்றில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார், பக்கத்தில் சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. நாட்டின் வேறு இடங்களில் வரிசையில் நின்றபடியே செத்தவர்களும் உண்டு. ரம்புக்கனையில் விலை உயர்வை எதிர்த்து நின்றவர்கள் மீது பொலிஸ் சுட்டு ஒருவர் இறந்தார். இதையெல்லாம் பார்த்த பிறகு "உலகச் சந்தை" என்ற ஒரு சொல்லில் பொறுப்பை இறக்கி வைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அதே அளவுக்கு, "நாங்கள் வந்தால் குறைப்போம்" என்று மேடையில் சொல்கிறவர்களையும் நான் நம்புவதில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை, தம்பி. அதே 2022 இல் அமெரிக்காவில் பெற்றோல் கலன் 5 டொலரைத் தாண்டியபோது, பைடன் விரலை நீட்டி "நான்தான் செய்தேன்" என்று சொல்வதுபோல ஸ்டிக்கர் அடித்து பம்புகளில் ஒட்டினார்கள். வெள்ளை மாளிகை அதைப் புட்டினின் விலையேற்றம் என்றது. மூன்று மாதம் மத்திய வரியை நிறுத்தலாம் என்று பைடன் கேட்டார், காங்கிரஸ் அதைச் செய்யவில்லை. ஆனால் அவர்களிடம் அவசர கையிருப்பு இருந்தது, அதிலிருந்து 18 கோடி பீப்பாயை வெளியே விட முடிவெடுத்தார்கள். எங்களிடம் திருகோணமலையில் வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்றுதான் 2003 இலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வரிக்கு வருவோம். பெற்றோல் விலையில் வரி பெரிய பங்கு என்பது உண்மை. 2024 ஜனவரியில் 18 வீத வற் வரியை எரிபொருளுக்கும் போட்டார்கள். அதற்கு மேல், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடன் 884 பில்லியன் ரூபாவைத் திறைசேரி ஏற்றுக்கொண்டதற்காக லீற்றருக்கு 50 ரூபா அறவிடுவதாக 2025 இல் இந்த அரசாங்கமே சொன்னது. எதிர்க்கட்சியில் இருந்தபோது எரிபொருள் வரியைக் கடுமையாகக் கண்டித்தவர்கள் இவர்கள். அந்தக் கண்டனத்தை அவர்களுக்கு நினைவூட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அந்த 884 பில்லியன் எப்படி வந்தது என்றும் பாருங்கள். தேர்தலுக்குத் தேர்தல் விலையை அமுக்கிப் பிடித்து, நட்டத்தைக் கூட்டுத்தாபனத்தின் தலையில் போட்டு, அது அரச வங்கிகளில் கடன் வாங்கிச் சேர்ந்த மலை அது. குறைந்த விலையில் எல்லோரும் அடித்த பெற்றோலின் மீதிக் காசை இப்போது தவணையில் கட்டுகிறோம். அந்தக் குறைந்த விலையால் அதிகம் இலாபம் அடைந்தது யார்? நாளுக்கு நாலு லீற்றர் அடிக்கிற நீங்களா, பஜெரோவுக்கு முழுத் தாங்கியும் நிரப்புகிறவரா? எல்லோருக்கும் வரியைக் குறைத்தால் கூடுதலாக எரிக்கிறவருக்குத்தான் கூடுதல் பரிசு. அதனால்தான் "வரியை முழுக்க எடு" என்று மகஜரில் எழுத வேண்டாம் என்கிறேன்.

விலையை அமுக்கிப் பிடித்தால் கடைசியில் யார் முதுகில் விழும் என்பதற்கு மண்ணெண்ணெயை விட நல்ல சாட்சி இல்லை. 2018 மே மாதம் 44 ரூபாவிலிருந்து 101 ஆக்கினார்கள், மீனவர்கள் கொதித்தெழுந்ததும் 70 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் வருடக்கணக்காக அப்படியே இழுத்துக்கொண்டு போனார்கள். மலிவாக இருந்ததால் டீசலில் கலக்கிறவர்களுக்கு நல்ல வசதி. கடைசியில் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340. மன்னாரிலும் பருத்தித்துறையிலும் நீர்கொழும்பிலும் வெளி இணைப்பு எஞ்சின் வைத்திருந்தவர்கள் படகைக் கரையில் இழுத்துவிட்டு நின்றார்கள். லயன் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த தோட்டத்துப் பெண்கள் விறகுக்குப் போனார்கள். சின்னச் சின்னதாக ஏற்றி, தேவையானவர்களுக்குக் கையில் காசாகக் கொடுத்திருந்தால் அந்த இரவு வந்திருக்காது.

இன்னொரு கதையும் உண்டு, பலருக்கு மறந்தே போயிருக்கும். 2007 இலும் 2008 இலும் விலை ஏறும் என்ற பயத்தில் கூட்டுத்தாபனம் வெளிநாட்டு வங்கிகளோடு காப்பு ஒப்பந்தம் போட்டது. விலை ஏறினால் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், இறங்கினால் நாங்கள் கட்டுவதற்கு எல்லையே இல்லை என்ற மாதிரியான ஒப்பந்தம். 2008 ஜூலையில் 147 டொலர் வரை போன எண்ணெய், வருட முடிவில் 40 டொலர் பக்கம் விழுந்தது. உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி வைத்தது. பெற்றோலை 100 ரூபாவுக்கு விற்கவும் சொன்னது. அரசாங்கம் அதைச் செய்யவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்த உத்தரவும் நீங்கியது. பின்னர் 2011 இல் லண்டன் நீதிமன்றம் ஒரே ஒரு வங்கிக்கு 16 கோடி டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. உலக விலை விழுந்த நேரத்திலும் நாங்கள்தான் நட்டப்பட்டோம், காரணம் அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட நாளில் எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

இங்கேதான் சூத்திரம் வருகிறது. 2018 இல் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, கப்பலில் வந்திறங்கும் விலை, பதப்படுத்தும் செலவு, நிர்வாகச் செலவு, வரி என்று நான்கையும் கூட்டினால் பம்பு விலை என்று சொன்னார். அதை மேடைக்கு மேடை கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் ஆட்சிக்கு வந்து அதைத் தூக்கி எறிந்தார்கள். 2022 இல் நாடு விழுந்த பிறகு மாதாமாதம் விலை மாற்றும் முறை திரும்பவும் வந்தது. நான் சூத்திரத்தைக் கேட்பது விலையை ஏற்றுவதற்காக இல்லை. வரவேண்டிய இறக்கம் வராதபோது, அந்த நான்கில் எந்தக் கணக்கில் எத்தனை ரூபாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்ட உங்களுக்கு ஒரு தாள் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் கோபம் பெற்றோல் செட்டில் பம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொடியன் மேல்தான் போகும். அவனும் நாட்கூலிதான்.

மகஜரைப் பற்றிக் கேட்டீர்கள். மாதக் கடைசியில் விலை அறிவிக்கும்போதே அந்த நான்கு கணக்கையும் ரூபா சதத்தில் மூன்று மொழியிலும் வெளியிடக் கேளுங்கள். உலக விலை இறங்கும்போது சேர்க்கிற காசுக்குச் சட்டத்தில் ஒரு பூட்டு வேண்டும், நாடாளுமன்றம் கேட்காமல் திறக்க முடியாத பூட்டு, அதையும் எழுதுங்கள்.

முக்கியமானது மற்றது. வாடகைக்கு ஓடும் ஓட்டோவுக்கு வாரத்துக்கு இவ்வளவு லீற்றர் என்று குறைந்த விலையில் கேளுங்கள். எப்படி முடியும் என்று கேட்பார்கள். 2022 இல் செய்தார்கள்தானே என்று சொல்லுங்கள். க்யூஆர் முறையில் ஒவ்வொரு வண்டிக்கும் இலக்கம் பதிந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பிரித்தார்கள். அந்த நவம்பரில் மேல் மாகாணத்தில் பதிவு செய்த வாடகை ஓட்டோக்களுக்கு 5 லீற்றரை 10 ஆக்கினார்கள். ஆக, யார் ஹயர் ஓடுகிறார், யார் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கிறார் என்று பிரிக்க அரசாங்கத்துக்குத் தெரியும். பங்கீட்டுக்குப் பிரிக்க முடிந்தவர்களுக்கு நிவாரணத்துக்கும் பிரிக்க முடியும். உங்களிடமிருந்து வாங்கும் வரியில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

மகஜரைச் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். மருதானை, பொரளை ஸ்டாண்டுகளிலும் கையெழுத்து வாங்குங்கள், அவர்களுக்கும் இதே பிரச்சினைதான். தமிழ் வரைவை எனக்கு அனுப்பினால் கணக்குகளைச் சரிபார்த்துத் தருகிறேன். ஒரு மாதத்துக்கு நாளாந்தம் அடித்த லீற்றரையும் ஓடிய கிலோமீற்றரையும் உங்கள் ஸ்டாண்டில் நாலைந்து பேர் கொப்பியில் எழுதி வைத்தால் அதையும் கூடவே இணைக்கலாம்.

அன்புடன்,
அக்கா