ஒரே விட்ஜெட் பக்கத்தை ஆபீஸ், வீடு என்று வேறு வேறு கம்ப்யூட்டரிலும் வேறு வேறு பிரவுசரிலும் வைத்துக்கொள்ள முடியுமா? நம்பலாமா?

முடியும். நான் வருஷக்கணக்காக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆபீஸில் குரோம், வீட்டில் ஃபயர்பாக்ஸ், கடிகாரம், குறிப்பு, செய்தி, லிங்க் எல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக (அதுதான் விட்ஜெட்) ஒரே பக்கத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் எந்த ஆபீஸில் விடுகிறார்கள்?

எந்த பிரவுசர் என்பதை விடுங்கள். நீங்கள் அடுக்கி வைத்த பெட்டிகளின் விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் அக்கவுண்டில், அதாவது அவர்களுடைய சர்வரில் சேமித்தால், எங்கே லாகின் செய்தாலும் வரும். பிரவுசருக்குள்ளேயே சேமித்தால் அந்தக் கம்ப்யூட்டர், அந்த பிரவுசர், அதிலும் அந்த ப்ரொஃபைல், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் இருக்கிற கம்ப்யூட்டருக்குக்கூட வராது. முதல் வகைக்கு ஸ்டார்ட்.மீ, புரோட்டோபேஜ் மாதிரியானவை உதாரணம். புது டேப் திறந்ததும் அழகாக வந்து நிற்கிற எக்ஸ்டென்ஷன்களில் (பிரவுசரோடு ஒட்டவைக்கிற சின்ன மென்பொருள்) நிறைய இரண்டாவது வகை. விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எனக்கு இவர்களிடமிருந்து ஒரு பைசா வரவில்லை.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கணக்கு எழுதுகிறவள், கன்னியாகுமரி மாவட்டம். காலையில் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடை, மதியத்துக்கு மேல் குளச்சலில் வலை, கயிறு, படகுச் சாமான் விற்கிற கடை, ராத்திரி தக்கலையில் வீடு. மூன்று இடத்திலும் மூன்று விதமான கம்ப்யூட்டர். குலசேகரத்தில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கு குரோம் 109-ஆம் பதிப்போடு, அதாவது 2023 ஜனவரியோடு, நின்றுவிட்டது. குளச்சலில் விண்டோஸ் 10, எட்ஜ். வீட்டில் லினக்ஸ், ஃபயர்பாக்ஸ். மாற்றச் சொல்லி முதலாளியிடம் சொல்லாமல் இல்லை. "டேலி ஓடுதுல்லா, பெறவு என்னத்துக்கு?" என்பார்.

குலசேகரத்தில் கடை திறந்ததும் முதல் கேள்வி, "பிள்ளே, கோட்டயம் வெலை என்னவாக்கும்?" ரப்பர் போர்டு கோட்டயத்தில் இருக்கிறது, அவர்கள் தினமும் போடுகிற விலைதான் எங்களுக்கு அளவுகோல். ஆர்எஸ்எஸ் 4 (புகை போட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) விலை தெரியாமல் முதலாளி ஒட்டுப்பால், அதாவது மரத்திலேயே ஒட்டி உறைந்த ரப்பரைக்கூட, எடை போட மாட்டார். குளச்சலில் விலையைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள், அங்கே கடலைத்தான் கேட்பார்கள். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது. காற்றே இல்லாத நாளில் தூரத்துக் கடலிலிருந்து பேரலை வந்து கரையில் ஏறுமே, கள்ளக்கடல், அதற்கும் சேர்த்துத்தான். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் போனது அப்படிப்பட்ட அலையில்தான். அதற்குப் பிறகு அந்த லிங்க் என் பக்கத்தில் மேலே இடது மூலைக்கு வந்துவிட்டது. பேச்சிப்பாறை அணை மட்டத்தை மட்டும் காலையில் பேப்பரைப் பார்த்து நானே குறிப்புப் பெட்டியில் தட்டிவிடுவேன். மொத்தம் 48 அடி, மழைக்காலத்தில் அதை நெருங்கினால் முதலாளியின் வாழைத் தோட்டத்துக்குக் கவலை.

ஆரம்பத்தில் நான் வைத்திருந்தது ஒரு எக்ஸ்டென்ஷன். பெயர் வேண்டாம். "உங்கள் தகவல் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள், சிங்க் வசதியும், அதாவது ஒரே அக்கவுண்டில் இருக்கிற பிரவுசர்களுக்கு நடுவே தானாகப் பகிர்கிற வசதியும், உண்டு என்றார்கள். முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தான். நான் வருவதற்குள் ஏதோ கிளீனரை ஓட்டியிருக்கிறான். "அக்கா, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா கெடந்துது, எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன்" என்றான், சாயா வேறு வாங்கித் தந்தான். பக்கத்தைத் திறந்தால் ஒரு மலை படம், ஒரு கடிகாரம், "வணக்கம், உங்கள் பெயர் என்ன?" அவ்வளவுதான். தகவல் கணினியை விட்டு வெளியே போகவில்லை என்பது உண்மைதான், கணினிக்குள்ளேயே செத்துப் போயிருந்தது.

சிங்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கொடுக்கிற சிங்க் இடம் மொத்தமே 100 கேபிதான், அதிலும் ஒரு உருப்படிக்கு 8 கேபி. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிற முறை) மூன்று பைட், உயிர்மெய் என்றால் பெரும்பாலும் ஆறு. மாதக்கணக்கில் சேர்ந்த என் குறிப்பு எந்த மூலைக்கு? நிறம், படம் எல்லாம் திரும்பி வந்தன, குறிப்பு வரவில்லை. குரோமின் சிங்க் ஃபயர்பாக்ஸுக்குப் போகவே போகாது என்பது தனி.

நல்லவேளையாக எக்ஸ்போர்ட் செய்த, அதாவது எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே எடுத்த, ஜேசன் கோப்பு (எல்லாம் எழுத்தாகவே இருக்கிற தகவல் கோப்பு) ஒன்றை எனக்கு நானே மெயில் அனுப்பி வைத்திருந்தேன். வீட்டு ஃபயர்பாக்ஸில் அதே எக்ஸ்டென்ஷனைப் போட்டு ஏற்றினால் பதிப்பு வேறு என்று ஏற்கவில்லை. சரி போ என்று கோப்பை நோட்பேடில் திறந்து, அடைப்புக்குறிகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு லிங்காகப் பொறுக்கி எடுத்தேன், மத்தி மீனில் முள் எடுக்கிற மாதிரி. இதை எழுதுவதற்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. பி.காம் படித்தவளுக்கு ஜேசன் எதற்கு என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அக்கவுண்டில் சேமிக்கிற வகைக்கு மாறினேன். அங்கேயும் ஒரு சிக்கல் வரும், உங்களுக்கும் வரும். காலண்டரையோ மெயிலையோ ஒரு பெட்டிக்குள் வைத்தால் ஒரு பிரவுசரில் தெரியும், இன்னொன்றில் லாகின் கேட்டுக்கொண்டே இருக்கும். கோளாறு உங்கள் பக்கம் இல்லை. பெட்டிக்குள் இருப்பது வேறு ஒரு தளம், அதன் குக்கியை (நீங்கள் லாகின் செய்ததை நினைவில் வைக்கிற சின்னக் கோப்பு) சஃபாரி 2020 முதலே தடுக்கிறது, ஃபயர்பாக்ஸ் 2022 முதல் தளத்துக்குத் தளம் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. பேங்க் தளங்கள் பெட்டிக்குள் வரவே மறுக்கும், அது நல்லதுக்குத்தான். அதனால் லாகின் தேவைப்படுகிற எதையும் பெட்டியாக வைக்காமல் லிங்காக வைத்தேன். எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. பார்க்க அழகாக இல்லை என்பவர்கள் மலைப் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எழுத்துருவும் படுத்தும். விண்டோஸ் 7-இல் லதா, 10-இல் நிர்மலா, லினக்ஸில் லோஹித்தோ நோட்டோவோ. ஒன்றில் கச்சிதமாக நிற்கிற தமிழ்த் தலைப்பு இன்னொன்றில் இரண்டு வரியாகி அடுத்த பெட்டியை இடிக்கும். உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

வானிலைப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊர் கேட்கும்போது மாவட்டப் பெயரைப் போட்டால் முக்கடல் சேருகிற கன்னியாகுமரி டவுனுக்குப் போய் நிற்கும். அங்கே வெயில் அடிக்கும், இங்கே குலசேகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி மழை பெய்தால் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, அந்தப் பெட்டியை நம்பி ஆளை வரச் சொன்னால் ஒரு நாள் கூலி தண்டம். பெட்டியாவது மெஷின், மன்னிக்கலாம். டிவிக்காரர்கள்? சென்னையில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நாள் முழுக்க நேரலை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கிற மாவட்டம் எங்களுடையது, எங்களுக்குக் கடைசியில் ஓடுகிற ஒரு வரி. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தபோது, கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று இந்தக் கரை முழுக்க அழுதுகொண்டிருந்தபோது எங்கே இருந்தார்கள் இவர்கள்? சரி, கேள்விக்கு வருகிறேன்.

"செல்போனில் எல்லாம் இருக்கே" என்று யாராவது சொல்வார்கள். ஒரு கையில் செல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் பில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நம்பலாமா என்று கேட்டதற்கு: எந்தச் சேவையும் ஒருநாள் மூடப்படும். 2005-இல் வந்த ஐகூகுள் (கூகுளின் இதே மாதிரிப் பக்கம்) 2013 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே தேதி என்பதால் எனக்கு மறப்பதில்லை. அதனால் குறிப்பும் லிங்கும் எக்ஸ்போர்ட் ஆகாத இடத்தில் ஒன்றையும் சேர்த்து வைக்காதீர்கள், செய்தியோடைகளை (தளங்களின் புதுச் செய்தி தானாக வருகிற இணைப்பு) ஓபிஎம்எல், அதாவது அவற்றின் பட்டியல், கோப்பாக எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இரண்டே இரண்டு பெட்டி மட்டும் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஃபயர்பாக்ஸில் பிரைவேட் விண்டோவைத் திறந்து லாகின் செய்து பாருங்கள். இரண்டும் வந்தால் மீதியை அடுக்கலாம். எக்ஸ்டென்ஷன் போடச் சொன்னால் அப்படியே மூடிவிடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை சேமிக்கவா என்று பிரவுசர் கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள், கிளம்பும்போது லாக்அவுட் பண்ணுங்கள். குறிப்புப் பெட்டியில் ஆதார் எண், பான் எண் எல்லாம் எழுதி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், என் முதலாளி உட்பட.