கலியாணம் எழுதாத துணைவர் வங்குரோத்தானால் வீடு போய்விடுமா?

இங்கிலாந்தில் கலியாணம் எழுதாமல், அதாவது சட்டப்படி பதியாமல், சேர்ந்து வாழ்கிறீர்கள். வீடும் மோர்ட்கேஜும் இருவர் பெயரிலும் இருக்கின்றன. அவருடைய கடை படுத்துவிட்டது. வங்குரோத்து ஆகுமுன் அவர் பங்கை உங்கள் பெயருக்கு எழுதி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவன் நான். கடனில் மாட்டி வருகிறவர்களுக்கு "கெதியா எழுதி வாங்கு" என்று சொல்ல எப்போதும் ஒரு மாமா இருப்பார். 1986ஆம் ஆண்டு இன்சால்வன்சி சட்டப்படி, வங்குரோத்து மனுவுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ கைமாறிய சொத்தை டிரஸ்டி (வங்குரோத்தானவரின் சொத்தைப் பொறுப்பேற்றுக் கடன்காரருக்குப் பிரித்துக் கொடுப்பவர்) கோர்ட் மூலம் திருப்பி எடுக்கலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருடம் கூட வாழ்ந்தாலும் மனைவிக்குரிய வீட்டுரிமையை இங்கிலாந்துச் சட்டம் உங்களுக்குத் தராது. ஆனால் சொத்துக் கைமாற்றத்தைத் துருவும்போது மட்டும், கணவன் மனைவி போல வாழ்ந்தவர்களையும் நெருங்கிய உறவாகவே எடுத்துக்கொள்ளும்!

உங்கள் பங்கை டிரஸ்டி தொட முடியாது; அவருக்குப் போவது துணைவரின் பங்குதான். ஆகவே முதலில் தேட வேண்டியது வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட டிஆர்1 (TR1) என்ற சொத்து மாற்றப் படிவம். அதன் 10ஆவது கட்டத்தில் யாருக்கு எவ்வளவு என்று குறித்திருந்தால் பெரும்பாலும் அதுவே முடிவு. பங்குகளைக் குறிக்கும் டிரஸ்ட் பத்திரம் தனியாக எழுதியிருந்தாலும் எடுத்து வையுங்கள். ஒன்றுமே எழுதவில்லையென்றால் பாதி பாதி என்றுதான் கோர்ட் தொடங்கும். அதையும் மாற்றலாம்: 2007இல் ஸ்டாக் எதிர் டௌடன் வழக்கில், கலியாணம் கட்டாத ஜோடியில் கூடுதலாகக் காசு போட்ட பெண்ணுக்கு 65 சதவீதம் கிடைத்தது. டெபாசிட் கட்டிய பழைய பேங்க் ஸ்டேட்மென்ட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

அடுத்து, டிரஸ்டியிடமிருந்து துணைவரின் பங்கை நீங்களே வாங்கப் பாருங்கள். வீடு 4 லட்சம் பவுண், மோர்ட்கேஜ் 3 லட்சம் என்று வைத்தால் மிச்சம் 1 லட்சம், அவர் பாதி 50 ஆயிரம். வழக்குப் போட்டு விற்பதற்கும் செலவு உண்டென்பதால் அதைவிடக் குறைவாகவும் பேசிப் பார்க்கலாம். காசு உங்களுடையதாகவோ உங்கள் உறவினருடையதாகவோ இருக்க வேண்டும். அவர் ஒளித்து வைத்ததாக இருக்கக் கூடாது.

காலக்கணக்கும் முக்கியம். வங்குரோத்தான முதல் ஒரு வருடத்தில் டிரஸ்டி வீட்டை விற்கக் கேட்டால், பிள்ளைகளின் நிலைமைக்கு கோர்ட்டில் ஓரளவு இடமிருக்கும். அதன்பின், கடும் நோய் போன்ற விதிவிலக்கான காரணம் இல்லாவிட்டால் கடன்காரர் பக்கம்தான் சாயும். 3 ஆண்டுக்குள் டிரஸ்டி ஒன்றும் செய்யாவிட்டால் பங்கு துணைவருக்கே திரும்பிவிடும். ஆனால் அவர் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தால், டிரஸ்டிக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் அந்த 3 ஆண்டு தொடங்கும்.

மோர்ட்கேஜ் கட்டுவதை நிறுத்தாதீர்கள். கூட்டுக் கடனில் அவர் விலகினால் முழுத் தொகையையும் வங்கி உங்களிடமே கேட்கும். வங்குரோத்து உத்தரவு வந்ததும், ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழு வீடும் என்ற ஏற்பாடு முறிந்துவிடும். ஆகவே உங்கள் பங்குக்கு உயில் எழுதுங்கள். சொலிசிட்டரும் அவருடையவராக இல்லாமல் உங்களுக்கென்று தனியாக ஒருவராக இருக்கட்டும்.